ஹெல்மாக்காரர் சோணைமுத்து

சோணைமுத்துவை நான் முதன்முதலாகப் பார்த்தது, அவர் ஒரு டெய்லரைத் திட்டிக்கொண்டிருந்தபோதுதான். குடும்பத்தில் முதல் டிகிரி என்ற மிதப்பு இன்னும் இறங்காமல், திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. ஜாப்வொர்க் யூனிட்டுக்குப் போய், தைக்கக் கொடுத்த ஆர்டர் எந்த மட்டில் நிற்கிறது என்று பார்த்துவரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வேலம்பாளையத்தில் ஒரு சந்துக்குள் தகரக் கொட்டகை. வரிசையாகப் பவர்டேபிள் தையல் மெஷின்கள் ஓடுகிற இரைச்சலுக்கும் மேலே அவர் குரல் கேட்டது.

"துவைச்ச பீஸ வச்சு எவனாச்சும் அளவெடுப்பானாடா? தண்ணியில போட்டா பனியன் சுருங்குமா, சுருங்காதா? இது தெரியாமத்தான் இம்புட்டு வருசமா மெஷின மிதிச்சியா? சுருங்குன பீஸ அளவுக்கு வச்சா, அப்பறம் வாரது பூராம் சுருங்குனதாத்தான..."

அந்த இடத்தில் வாய் நின்றுவிட்டது. திட்டு வாங்கிக்கொண்டிருந்த டெய்லர் மிச்சத்துக்காகக் காத்திருந்தார். மிச்சம் வரவில்லை. சோணைமுத்து கையிலிருந்த பனியனை அப்படியே கீழே போட்டுவிட்டு வெளியே ஓடினார். வேப்பமரத்தடியில் கரும்பச்சை நிறத்தில் ஒரு கார் நின்றது. பானெட்டைத் தூக்கி, தலையை உள்ளே விட்டு, எதையோ விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"போச்சு. நாந்தேன். நாந்தேன் கெடுத்தேன்."

செக்கிங் டேபிளில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி சின்னத்தாய், கத்திரியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "நீங்க போயிட்டு நாளைக்கு வாங்க தம்பி. அவுகளுக்குக் கார் ஞாபகம் வந்துருச்சு. இன்னைக்கு இனி ஆர்டரப் பத்திப் பேச முடியாது."

அவர் எதைக் கெடுத்தார் என்பது அப்புறம் அவர் சொல்லியும், அவரைப் பற்றி மற்றவர்கள் சொல்லியும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிய வந்தது.

சோணைமுத்துவுக்குச் சொந்த ஊர் மானாமதுரைப் பக்கம். மீசை முளைக்கும் முன்பே திருப்பூருக்கு வந்து கைமடியாகச் சேர்ந்தவர். கைமடி என்றால் டெய்லர் தைக்கத் தைக்கத் துணியை மடித்துக் கொடுக்கிற ஆள். அங்கிருந்து ஓவர்லாக் மெஷின், பிறகு பேட்லாக் மெஷின், பிறகு கட்டிங், பிறகு ஆள் பிடித்துக் கொடுக்கிற வேலை, கடைசியில் சொந்தமாக மெஷின் போட்டு காண்ட்ராக்ட் என்று படிப்படியாக ஏறினார். ஆனால் எந்தப் படியிலும் நிலைத்து நிற்கவில்லை. தீபாவளி போனஸ் வாங்கினால் அடுத்த கம்பெனி. முதலாளி ஒரு சொல் கூடுதலாகச் சொன்னால் அடுத்த கம்பெனி. ஒன்றும் சொல்லாவிட்டாலும் அடுத்த கம்பெனி. அனுப்பர்பாளையம், பெருமாநல்லூர், மங்கலம், பல்லடம் என்று வீடு மாற்றி வீடு மாற்றியே சின்னத்தாய்க்குப் பாத்திரங்களெல்லாம் சொட்டை விழுந்துபோயின. "இந்த மனுசன் கால்ல சக்கரத்தக் கட்டி விட்டுட்டாக" என்பார்.

அந்தச் சக்கரம் நின்றது, நான் வேலை பார்த்த ஆத்தப்பன் கம்பெனிக்குத் தைத்துக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான். அதற்குக் காரணம் சம்பளமோ மரியாதையோ அல்ல. அந்தக் கார்.

ஆத்தப்பன் அவிநாசிப் பக்கத்து விவசாயக் குடும்பம். கிணறு வற்றியதும் தோட்டத்திலேயே இரண்டு நிட்டிங் மெஷின் போட்டு ஆரம்பித்து, நேரடி ஏற்றுமதி வரை வந்தவர். கையில் காசு புரண்ட காலத்தில் ஊரே வெள்ளை நிறத்தில் ஒரே மாதிரிப் பெரிய கார் வாங்கியபோது, அவர் மட்டும் ஹெல்மா வாங்கினார். வெளிநாட்டுக் கம்பெனி. இந்தியாவுக்கு வந்து ஓரிரு மாடல்தான் விட்டிருந்தது. தெருவில் எதிரே இன்னொன்று வராது. கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டி மூடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே வாங்கியவர்கள் உண்டு. காங்கேயத்தில் ரைஸ் மில் வைத்திருக்கும் மகுடேஸ்வரன் அதில் ஒருவர். "ஹெல்மா வாங்கறவன் ரெண்டே வகைங்க. வெவரம் நெம்பத் தெரிஞ்சவன், வெவரமே தெரியாதவன்" என்பார். "நீங்க எதுங்க?" என்று கேட்டால், "அது வண்டி நடு ரோட்ல நிக்கறப்பத்தானுங்க தெரியும்" என்பார்.

கொரோனாவை ஒட்டிய காலத்தில் ஹெல்மா கம்பெனி இந்தியாவை விட்டே போய்விட்டது. கோவை ஷோரூமில் ஒரு நாள் ஷட்டர் ஏறவில்லை. பெருமையாக இருந்த கார் ஒரே மாதத்தில் கேலியாகிவிட்டது. ஆத்தப்பனின் மகன், "செத்துப்போன கம்பெனி கார்ல போய் வெளிநாட்டு பையரக் கூட்டிட்டு வந்தா நம்ம கம்பெனியப் பத்தி என்னங்கப்பா நெனைப்பான்?" என்று கேட்டான். விற்கக் கொண்டுபோன இடத்திலெல்லாம் எடைக்குத்தான் கேட்டார்கள். ஆத்தப்பனுக்கு அது பொறுக்கவில்லை. ஜாப்வொர்க் டெலிவரி கொடுக்க வந்திருந்த சோணைமுத்து காரைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்தவர், "எடைக்குப் போட மனசு வல்ல. நீ ஓட்டறயா கண்ணு? கூலில கொஞ்சங் கொஞ்சமாக் கழிச்சுக்கலாம்" என்றார்.

சோணைமுத்து வீட்டில் கேட்கக்கூட இல்லை. சாவியை வாங்கிக்கொண்டார்.

கார் வந்த பிறகு அவருடைய அலைச்சல் குறையவில்லை. அதற்கு ஒரு திக்கு கிடைத்தது. காலையில் எழுந்தால் டெய்லர்களை ஏற்றிவரப் போவார். மத்தியானம் கட்டிங் பண்டல். சாயங்காலம் எலாஸ்டிக் வாங்க, பட்டன் வாங்க. வேலையில்லாத நாளில் வேலை தேடி. எந்தக் கம்பெனி வாசலிலும் வாட்ச்மேன் எழுந்து நின்று கேட்டைத் திறந்தார். ஆனால் சோணைமுத்து காரில் பாட்டுப் போட மாட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டு சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டுவார். எங்காவது ஒரு கிறீச், ஒரு லொட லொட. அது என்ன என்று தெரியும் வரை சோறு இறங்காது.

"பொண்டாட்டிய உக்கார வச்சு ஒரு நாளு கோயிலுக்குப் போனதில்ல" என்பார் சின்னத்தாய். "ஏறி உக்காந்தாலும் பேச விடமாட்டாக. ‘சும்மா இரு, சத்தங் கேக்குது’ம்பாக. நாந்தேன் அந்தச் சத்தம்னு நெனச்சுக்குவேன்."

ஹெல்மா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. பெயர் கொங்கு ஹெல்மா குடும்பம். மகுடேஸ்வரன் ஆரம்பித்தது. முதலில் அதில் இருந்தவர்களெல்லாம் எக்ஸ்போர்ட்டர்கள், மில்காரர்கள், இரண்டு டாக்டர்கள். கம்பெனி போன பிறகு அவர்களில் பாதிப் பேர் காரைத் தள்ளிவிட்டு விலகிப் போனார்கள். அந்தக் கார்களை வாங்கியவர்கள் உள்ளே வந்தார்கள். காண்ட்ராக்டர்கள், டெம்போ டிரைவர்கள், சாயப்பட்டறை சூப்பர்வைசர், வெள்ளகோவிலில் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த கன்னையன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவிநாசி பைபாஸ் டீக்கடை முன்னால் கார்களை நிறுத்தி பானெட்டுகளைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவார்கள். பார்க்கிறவர்களுக்கு ஏதோ விபத்து நடந்த மாதிரி இருக்கும்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. உதிரி பாகம் எங்கும் கிடைக்காததால், ஒருவர் வண்டி வழியில் நின்றுவிட்டால், பக்கத்து ஊரில் இருக்கிற உறுப்பினர் தன் வண்டியிலிருந்து அந்தச் சாமானைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வேறு சாமான் கிடைக்கும் வரை கொடுத்தவர் வண்டி வீட்டில் நிற்கும். இதற்குக் கைமாத்து என்று பெயர். காசு வாங்கக் கூடாது. எப்போது திருப்பித் தருவாய் என்றும் கேட்கக் கூடாது. சோணைமுத்து எத்தனையோ முறை டெய்லர்களை டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கழற்றிய சாமானோடு காங்கேயம் ரோட்டில் ஓடியிருக்கிறார். குழுவில் யாராவது "நின்னுபோச்சுங்க" என்று போட்டால் முதலில் பதில் வருவது அவரிடமிருந்துதான். அதனால் அவரையும் குழுவின் அட்மின் ஆக்கினார்கள்.

பிறகு மவுண்ட் பிரச்சினை வந்தது.

மவுண்ட் என்பது எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கிற ரப்பர் கட்டை. எஞ்சினின் கனத்தையும் அதிர்வையும் அதுதான் வாங்கிக்கொள்ளும். வருடக்கணக்கில் ஓடிய ஹெல்மாக்களில் ஒவ்வொன்றாக அது கிழிய ஆரம்பித்தது. கைமாத்துக் கொடுக்கவும் யாரிடமும் இல்லை. திருப்பூர்க்காரர்கள் பயப்படவில்லை. "பையர் ஒத்தப் பீஸ் அனுப்பறான். அதப் பாத்து நாம கப்பல் கப்பலாத் தெச்சு அனுப்பறோம். ஒரு ரப்பர் கட்டையச் செய்ய முடியாதாக்கும்?" என்றார் மகுடேஸ்வரன். கோவையில் ரப்பர் அச்சு வார்க்கிற ஒரு பட்டறையைப் பிடித்தார். மாதிரிக்கு ஒரு முழுப் பீஸ் வேண்டும் என்றார் பட்டறைக்காரர். எல்லார் வண்டியிலும் கிழிசல். சோணைமுத்து வண்டியில் மட்டும் ஒரு பொத்தல் இல்லாமல் இருந்தது.

அன்று அவர் நெஞ்சு நிமிர்ந்த மாதிரி அதற்கு முன்பும் பின்பும் நிமிர்ந்ததில்லை. "சோணையண்ணன் மாதிரி பதமா ஓட்டோணுமுங்க" என்று குழுவில் ஆளாளுக்குக் கைதட்டும் பொம்மை போட்டார்கள். கழற்றி அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். சாம்பிள் வந்தது. தன் வண்டியில் ஒரு பக்கம் மாட்டிப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது. சாம்பிள் ஓகே, பல்க் ஓட்டலாம் என்று குரல் பதிவு போட்டார்.

பல்க், அதாவது மொத்தச் சரக்கு, வந்தது. மாட்டியவர்கள் வண்டியெல்லாம் நடுங்கத் தொடங்கியது.

"கார்ல போற மாதிரியே இல்லீங்க. ஓடற பவர்டேபிள் மேல ஏறி உக்காந்த மாதிரி இருக்குது" என்றார் ஒருவர். இன்னொருவர் வண்டியில் எஞ்சின் இறங்கி அடியிலிருந்த தகட்டை உரசியது. பட்டறைக்காரரிடம் சண்டைக்குப் போனார்கள். அவர் பழைய பீஸையும் புதுப் பீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "நூல் பிசகலீங்க. நீங்க குடுத்த அளவுதானுங்க" என்றார். உண்மைதான். ஒருவருக்கும் விளங்கவில்லை.

தகரக் கொட்டகையில் டெய்லரைத் திட்டிக்கொண்டிருந்த அன்றுதான் சோணைமுத்துவுக்கு விளங்கியது. அவர் கொடுத்த ரப்பர் கிழியவில்லை. ஆனால் இத்தனை வருடம் எஞ்சினைச் சுமந்து அமுங்கிப் போயிருந்தது. அமுங்கிய உயரத்துக்கே அத்தனையும் வார்க்கப்பட்டுவிட்டன. அவர் வண்டியில் மறுபக்கம் இருந்ததும் அதே அளவு அமுங்கியது, அதனால் அதில் மட்டும் பொருந்தியது. துவைத்த பனியனை அளவுக்கு வைத்தால் கையை ஒடிக்கிற ஊர் இது. குழுவில் பாதிப் பேர் சாம்பிள் பார்த்தே பிழைப்பவர்கள். ஒருத்தர் வாயிலும் புதுப் பீஸா பழசா என்ற கேள்வி வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீக்கடை முன்னால் அவர் அதைச் சொன்னார். ஒருவர் சிரித்தார். "அட கெரகமே! எக்ஸ்போர்ட்டர் அத்தன பேரும் ஒண்ணாச் சேர்ந்து சுருங்குன பீஸுக்கு ஆர்டர் குடுத்திருக்கறமுங்களா?"

"சிரிக்காதீங்க" என்றார் சாயப்பட்டறை சூப்பர்வைசர். "என்ற வண்டி நடுங்கறது உங்குளுக்குச் சிரிப்பா இருக்குதா? ஓகேன்னு சொன்னது யாரு?"

"நாந்தேங்க" என்றார் சோணைமுத்து.

மகுடேஸ்வரன் குறுக்கே வந்தார். "அண்ணன் ஒருத்தரச் சொல்லி என்ன பண்றதுங்க. நாம எல்லாருந்தான் தலையாட்டுனோம். ஓட்டாத புதுப் பீஸ் ஒண்ணு வேணும். அமுங்காதது. அத வெச்சு அச்சத் திருத்திப்போடலாம்."

எல்லா ஊர்க் குழுக்களிலும் கேட்டார்கள். புனேயில் இல்லை, பெங்களூரில் இல்லை. எல்லாம் ஓடித் தேய்ந்ததுதான். பிறகு மகுடேஸ்வரனுக்கே நினைவு வந்தது. "ஏனுங்கண்ணா, ஷோரூம் மூடறப்ப மிச்சங் கெடந்த சாமானையெல்லாம் உங்க மொதலாளி அள்ளிட்டுப் போனாருங்களே. அதுல ரெண்டு மவுண்ட் பொட்டி பிரிக்காமக் கெடந்துது. நானே பாத்தனுங்க."

சோணைமுத்து டீயைக் குடிக்காமலே கிளம்பினார்.

ஆத்தப்பன் தன் வீட்டு போர்ட்டிகோவில் உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும், "வா கண்ணு, ஆயுசு நூறு. நானே கூப்படலாம்னு இருந்தேன். சேதி தெரியுமா?" என்று போனை நீட்டினார்.

ஹெல்மா திரும்பி வருகிறது. வேறு நாட்டுக் கம்பெனி ஒன்று அந்தப் பெயரை வாங்கிவிட்டது. இனி எல்லாம் பேட்டரி கார். கோவையில் ஷோரூம் திறக்கிறார்கள். பழைய ஹெல்மாவை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் முதல் உரிமையாளர்களைக் காரோடு அழைத்து மரியாதை செய்கிறார்களாம்.

"அன்னிக்கு என்ற பையன் செத்த கம்பெனின்னான். இன்னிக்கு அவனே இத அனுப்பறான்" என்று சிரித்தார் ஆத்தப்பன். "நீ எதுக்கு வந்தே, அதச் சொல்லு."

சோணைமுத்து மவுண்ட் விஷயத்தைச் சொன்னார். வெளியே யாரிடம் பேசினாலும் அவருக்கு இந்த ஊர் ‘ங்க’ வந்துவிடும், வீட்டிலும் யூனிட்டிலும்தான் மானாமதுரை. "பெட்டிய ஒரு நாளைக்குக் குடுத்தாப் போதுமுங்க. அளவெடுத்துட்டுப் பத்தரமாத் தந்தர்றேனுங்க."

"பொட்டி இருக்குது. தாரேன். வண்டியக் குடுத்துரு."

"எது வண்டிங்க?"

"நம்ம வண்டி. ஆர்சி புக்குல பேர் பாப்பாங்களாம். இரவல் வண்டில போய் நின்னா நல்லாவா இருக்கும்? மறுக்காவும் என்ற பேருக்கு மாத்திக்கலாம். உனக்கு வேற ஒண்ணு, ஓட்டறாப்புல, வாங்கிக்கறதுக்கு நாஞ் செய்யறேன்."

"அளவு மட்டும் இப்ப..."

"சோணை, நீயும் பனியன் கம்பெனிதான். சீல் போட்ட சாம்பிள எவனாச்சும் வெளிய தாட்டிவிடுவானா? வண்டி இந்தப் பக்கம் வந்தாத்தான் பொட்டி அந்தப் பக்கம் வரும்." அவர் அதட்டவில்லை, மிரட்டவில்லை. நூல் வியாபாரியிடம் பேசுகிற அதே சாவகாசத்தில் பேசினார். "அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லு சாமி."

யோசிக்கிற ஆளில்லை சோணைமுத்து. யோசனை வந்தால் ஓட்டுகிற ஆள். ஊதியூர் வரை போனார். திரும்பினார். பல்லடம் போனார். எதற்குப் போகிறோம் என்று தெரியாமல் ஒரு எலாஸ்டிக் கடையில் நிறுத்தி, வேண்டாத எலாஸ்டிக் வாங்கினார். யூனிட்டுக்கு வந்து டெய்லர்களிடம் எரிந்து விழுந்தார். இரண்டு நாள் இப்படியே போனது.

சின்னத்தாய் காரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. கொடுத்துத் தொலையுங்கள் என்றுதான் சொல்வார் என்று சோணைமுத்து எதிர்பார்த்தார். அப்படிச் சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டு கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

"குடுக்காதீக" என்றார் சின்னத்தாய்.

"நீயா சொல்ற?"

"நாந்தேன் சொல்லுறேன். அந்தக் காரு வந்த பெறகுதேன் நீங்க ஒரே கம்பெனியில நின்னீக. பிள்ள ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சு காலேசு வரைக்கும் போயிருச்சு. அது போச்சுன்னா நீங்க நிக்க மாட்டீக. மறுபடியும் அண்டா குண்டாவத் தூக்கிக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் என்னால ஆகாது சாமி."

"என் வாயால ஓகே சொன்னது ஆத்தா. அத்தன வண்டியும் எம் பேரச் சொல்லி நடுங்குது."

"நடுங்கட்டும். அவுக எல்லாம் வேற வாங்கிக்கிருவாக. உங்களுக்கு வேறங்கிறது கிடையாது."

கொடுக்க வேண்டாம் என்றே முடிவு செய்துகொண்டார். அந்த முடிவோடு ஒரு நாள் நன்றாகத் தூங்கவும் செய்தார்.

அடுத்த நாள் பகலில் கன்னையன் போன் செய்தார். வெள்ளகோவிலுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றுவிட்டது. புது மவுண்டில் எஞ்சின் தாழ உட்கார்ந்து, ஆடி ஆடி ஒரு குழாயை உரசி அறுத்துவிட்டது. சோணைமுத்து தன் வண்டிக் குழாயைக் கழற்றிக்கொண்டு, டெம்போ பிடித்துப் போனார். வெயிலில், ரோட்டோரம், கன்னையனும் அவர் மனைவியும் ஒரே குடைக்குக் கீழே நின்றிருந்தார்கள். அந்த அம்மாள் கையில் சீர்த்தட்டு. போக வேண்டிய வளைகாப்பு முடிந்திருக்கும்.

திட்டுவார் என்று நினைத்துத்தான் போனார். கன்னையன் திட்டவில்லை. குழாயைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"வேண்டாமுங்க. உங்க வண்டிய எதுக்கு நிறுத்தறீங்க. காங்கேயத்துல எடைக்குக் கேட்டு வெச்சிருக்கறனுங்க. வாரத்துல தள்ளிப்போடறேன்."

"கொஞ்சம் பொறுங்கண்ணா, அச்சத் திருத்திருவோம்..."

"நீங்க ஒருத்தர்தான் கூப்புட்டா ஓடியாறீங்க. அதுக்காவத்தான் இத்தன நாளு வெச்சிருந்தனுங்க. உங்க மேல வருத்தமெல்லா ஒண்ணுமில்லீங்க" என்றார் கன்னையன்.

அவர் மனைவி மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டு, "வருத்தமில்லாம என்னங்க" என்றார்.

அந்த வாரத்தில் குழுவிலிருந்து நாலைந்து பேர் வெளியேறினார்கள். சொல்லிவிட்டுப் போனவர் ஒருவர், மற்றவர்கள் சத்தமில்லாமல். ஒவ்வொரு முறையும் போனில் ‘வெளியேறினார்’ என்ற சாம்பல் நிற வரி வந்து நின்றது. சோணைமுத்து வேலையின் நடுவில் போனை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார். ஒரு நாள் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்க் காரில் ஏறினார். சின்னத்தாய் வாசலுக்கு வந்தார்.

"எங்க போறீக?"

அவர் வண்டியைக் கிளப்பினார். சின்னத்தாய் சந்து முக்கில் கார் திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்க் கத்திரியை எடுத்தார்.

ஆத்தப்பன் வீட்டில் சோணைமுத்து சாவியை மேசைமேல் வைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். "மொதல்ல பெட்டிங்க" என்றார்.

ஆத்தப்பன் குடோன் ஆளை அனுப்பி எடுத்துவரச் சொன்னார். தூசி படிந்த அட்டைப் பெட்டிகள், ஒட்டிய நாடா அப்படியே இருந்தது. சோணைமுத்து அங்கேயே பிரித்து, கட்டையை வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். தன் வண்டியில் இருப்பதைவிட ஒரு விரற்கடை உயரம் கூடுதலாக நின்றது.

"இம்புட்டு ஒசரம் இருந்திருக்கு" என்றார், யாரிடமும் இல்லாமல்.

சாவியைக் கொடுத்தார். ஆத்தப்பன் டிரைவரை விட்டு வீட்டில் இறக்கிவிடச் சொன்னார். சோணைமுத்து வேண்டாம் என்று, இரண்டு பெட்டிகளையும் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிக் கோவைக்குப் போனார். அச்சு திருத்தும் வரை அந்தப் பட்டறையை விட்டு நகரவில்லை. பட்டறைக்காரர் சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லை. இந்த முறை சாம்பிளை எந்த வண்டியிலும் மாட்டிப் பார்த்து ஓகே சொல்லவில்லை. புதுக் கட்டையின் பக்கத்தில் வைத்து, நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டி, நாலு பேரும் சரி என்ற பிறகுதான் தலையாட்டினார்.

அந்த மாதக் கூட்டத்துக்கு அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். டீக்கடை முன்னால் பானெட்டுகள் திறந்திருந்தன. புதிய மவுண்ட் மாட்டிய வண்டிகளை ஒவ்வொன்றாக ஸ்டார்ட் செய்தார்கள். எதுவும் நடுங்கவில்லை. பானெட் மேல் டீ கிளாஸை வைத்துக் காட்டினார் மகுடேஸ்வரன். டீயில் ஒரு அலை இல்லை. கன்னையன் வண்டியும் வந்திருந்தது, எடைக்குப் போகவில்லை. அவர் மனைவி காரிலிருந்து இறங்காமலே கண்ணாடியை இறக்கி, "வாங்கண்ணா" என்று மட்டும் சொன்னார்.

"உங்க வண்டி எங்கீங்கண்ணா?" என்று யாரோ கேட்டார்கள்.

"குடுத்தாச்சு."

"யாருக்குங்க?"

"குடுத்தவுகளுக்கே."

யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. கைமாத்தில் எப்போது திரும்பி வரும் என்று கேட்கிற பழக்கம் அவர்களுக்கு இல்லை. வெளியேறியவர்களில் இரண்டு பேர் மறுபடி குழுவுக்குள் வந்தார்கள். சாயப்பட்டறை சூப்பர்வைசர் டீக்குக் காசு கொடுத்தார். சோணைமுத்து அந்த டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்து ஆறவிட்டார்.

ஷோரூம் திறப்பு விழா நடந்தது. கரும்பச்சைக் கார் மெருகேற்றிப் பூமாலையோடு நின்ற படத்தை ஆத்தப்பனின் மகன் அனுப்பியிருந்தான். சோணைமுத்து அதைத் திறக்கவே இல்லை. சின்னத்தாய்தான் பெரிதாக்கிப் பார்த்து, "முன் கண்ணாடிக்குக் கீழ நம்ம வீட்டு எலுமிச்சம்பழம் அப்படியே கெடக்குது" என்றார். பழைய வண்டிகளுக்குச் சாமான் கிடைக்குமா என்று மகுடேஸ்வரன் அங்கே கேட்டதற்கு, அது முந்தைய கம்பெனி விவகாரம் என்று சொல்லிவிட்டார்களாம். ஆத்தப்பன் புதுப் பேட்டரிக் காருக்கு அங்கேயே முன்பதிவு செய்தார்.

அதற்குப் பிறகு கூலிக் கணக்குப் பேச ஆத்தப்பன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கார் போர்ட்டிகோவில் உறை போர்த்தி நின்றது. சோணைமுத்து பேசிக்கொண்டிருக்கும்போதே கண் அங்கே போகும். பேச்சு அறுந்துவிடும். ஒரு நாள் ஆத்தப்பனே, "வேணும்னா ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வா கண்ணு" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். சோணைமுத்து கும்பிட்டுவிட்டு வந்தார். அதற்கப்புறம் கணக்குப் பேச சின்னத்தாயை அனுப்பினார். அந்தத் தீபாவளி முடிந்த கையோடு மெஷின்களைக் கழற்றி டெம்போவில் ஏற்றினார். சின்னத்தாய் மறுபடியும் பாத்திரங்களைக் கட்டினார்.

சோணைமுத்து இப்போது பெருமாநல்லூரில் வாடகைக் கொட்டகையில் யூனிட் வைத்திருக்கிறார். வேறொரு கம்பெனிக்குக் குழந்தைகள் டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கிறார். மகள் ஜோதிகா கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவரிடம் ஒரு பழைய மொபெட் இருக்கிறது, கார் இல்லை; ஆத்தப்பன் வேறொன்று வாங்கச் செய்வதாகச் சொன்னதை அவர் கேட்டுப் போகவில்லை. கொங்கு ஹெல்மா குடும்பத்தில் கார் இல்லாத ஒரே ஆள் அவர்தான், இன்னும் அட்மினும்கூட. கொட்டகை சரிப்படவில்லை, அவிநாசிப் பக்கம் ஒன்று பார்த்திருக்கிறேன் என்கிறார். சின்னத்தாய் இன்னும் சம்மதிக்கவில்லை.